கதை சொல்ல வந்தவரும் கேட்க வைக்கப்பட்டவர்களும்

1

குழந்தைகளுக்காக எழுதும் ஒருவர் பள்ளிக்கூடத்துக்கோ கிளை நூலகத்துக்கோ வருகிறார், ஒரு மணி நேரம் கதை சொல்கிறார், போட்டோ எடுத்துக்கொண்டு போகிறார். இதில் விமர்சிக்க என்ன இருக்கு என்று நண்பர்கள் கேட்கிறார்கள். பிள்ளைகள் சிரிக்கிறார்கள், ஆசிரியர்களுக்கு ஒரு மணி நேரம் ஓய்வு, எழுத்தாளருக்கு நாலு புத்தகம் விற்கிறது. யாருக்கு நஷ்டம்?

நஷ்டக் கணக்கு பார்ப்பது என் நோக்கமில்லை. கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் தமிழ்நாட்டில் இந்த வருகைகள் பெருகியிருக்கின்றன. புத்தகத் திருவிழாக்களில் சிறார் அரங்கு தவறாமல் இடம்பெறுகிறது. சாகித்ய அகாதெமி 2010 முதல் சிறார் இலக்கியத்துக்குத் தனியே விருது கொடுக்கிறது. 2021இல் இல்லம் தேடிக் கல்வி வந்தது. 2022இல் பள்ளிக் கல்வித்துறையே 'ஊஞ்சல்', 'தேன்சிட்டு' என்று இதழ்கள் தொடங்கியது. 2023இல் வாசிப்பு இயக்கம் வந்தது. முற்போக்கு இலக்கிய அமைப்புகளைச் சேர்ந்த பலர் பெரியவர்களுக்கு எழுதுவதை ஓரமாக வைத்துவிட்டுச் சிறாருக்கு எழுத வந்திருக்கிறார்கள். ஆக இது இன்று ஒரு தனிநபரின் ஆசை அல்ல, ஒரு களம். நம் தோழர்கள் செயல்படுகிற களம். அதனால்தான் இதற்கு ஒரு விமர்சனம் தேவைப்படுகிறது.

என் கேள்வி இதுதான். கதை சொல்ல வருகிறவரை யார் கூப்பிட்டார்கள்? எந்த ஒப்பந்தத்தின் பேரில்? பேப்பரில் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தைச் சொல்லவில்லை. கதைசொல்லிக்கும் பள்ளி என்ற நிறுவனத்துக்கும் கேட்கிற குழந்தைக்கும் இடையில் யாரும் வாய்விட்டுச் சொல்லாமலே அமலில் இருக்கிற ஒப்பந்தத்தைச் சொல்கிறேன். கதையின் உள்ளடக்கம் பிற்போக்கா முற்போக்கா என்று நாம் நிறையப் பேசியாகிவிட்டது. அந்த உள்ளடக்கம் எந்த ஒப்பந்தத்தின்மீது ஏறி உட்கார்ந்திருக்கிறது என்பதைப் பேசவில்லை.

2

முதலில் நிகழ்வின் வடிவம். பல ஊர்களில் பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்ததில் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. ஆறிலிருந்து எட்டாம் வகுப்பு வரை தரையில் உட்கார வைத்திருப்பார்கள். பையன்கள் ஒரு பக்கம், பெண் பிள்ளைகள் ஒரு பக்கம். மேடையில் நாற்காலிகள். தலைமையாசிரியர் வரவேற்பார். பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் வாழ்த்துவார். பொன்னாடை. வரிசைகளுக்கு நடுவில் ஆசிரியர்கள் நிற்பார்கள். பிரம்பு இப்போது இல்லை, உதட்டின்மேல் வைத்த விரல் இருக்கிறது. எழுத்தாளர் மைக்கைப் பிடித்து, "செல்லக் குட்டீஸ், எல்லாரும் எப்படி இருக்கீங்க?" என்பார். "நல்லா இருக்கோம்" என்று முந்நூறு குரல் ஒரே ராகத்தில் வரும். "சத்தம் பத்தலையே!" என்பார் இவர். இன்னும் சத்தமாக வரும்.

அல்தூசர் 1970இல் எழுதிய கட்டுரையை இங்கே நினைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. தெருவில் போகிறவனைப் போலீஸ்காரர் கூப்பிடுகிறார், அவன் திரும்புகிறான், திரும்பிய அந்தக் கணத்தில் அவன் அதிகாரத்துக்கு உட்பட்ட தன்னிலையாகிறான் என்பது அவர் சொன்ன உதாரணம். விளித்தல் என்று அதைத் தமிழில் சொல்லிவருகிறோம். நவீன சமூகத்தில் தேவாலயத்தின் இடத்தைப் பள்ளிக்கூடம் பிடித்துக்கொண்டது என்று சொன்னதும் அதே கட்டுரைதான். 'செல்லக் குட்டீஸ்' என்பதும் ஒரு விளிப்புதான். காலையில் நாலரை மணிக்கு எழுந்து பால் பாக்கெட் போட்டுவிட்டு வந்திருக்கிற எட்டாம் வகுப்புப் பையன் அங்கே உட்கார்ந்திருக்கிறான். தம்பியைக் குளிப்பாட்டி, சோறு வடித்துவிட்டு வந்திருக்கிற பெண் இருக்கிறாள். அந்த ஒரு வார்த்தையில் அவர்களுடைய உழைப்பும் உலக அறிவும் வாசலுக்கு வெளியே செருப்போடு சேர்த்துக் கழற்றி வைக்கப்படுகின்றன. உள்ளே வருவது 'குழந்தை'. கதைசொல்லிக்குத் தேவைப்படுகிற குழந்தை.

இந்த இடத்தில் ஜாக்குலின் ரோஸ் 1984இல் பீட்டர் பானை முன்வைத்து எழுதிய நூல் உதவுகிறது. சிறார் புனைவு என்பதே சாத்தியமற்ற ஒன்று என்பது அவர் வாதம். எழுதுகிறவர் பெரியவர், பதிப்பிக்கிறவர் பெரியவர், வாங்கித் தருகிறவரும் பெரியவர். குழந்தை கடைசியில் வந்து சேர்கிறது. அந்தப் பிரதிக்குள் இருக்கும் குழந்தையோ பெரியவர்களின் ஆசையால் கட்டமைக்கப்பட்டது. புத்தகத்தில் இது கண்ணுக்குத் தெரியாமல் நடக்கிறது. பள்ளி வருகையில் வெட்டவெளிச்சமாக நடக்கிறது. நிஜமான குழந்தை முன்னால் உட்கார்ந்திருக்கிறது. கதைசொல்லி தன் மனசில் இருக்கிற குழந்தையிடம் பேசிக்கொண்டிருக்கிறார்.

கடைசியில் அந்தக் கேள்வி வரும். "இந்தக் கதையிலிருந்து நாம என்ன கத்துக்கிட்டோம்?" கைகள் உயரும். முதலில் சொன்னவருக்குப் பேனா பரிசு. கதையைக் கேட்காமலேயே அந்தப் பதிலைச் சொல்லிவிடலாம் என்பது நம் பிள்ளைகளுக்கு மூன்றாம் வகுப்பிலேயே தெரிந்துவிடுகிறது.

3

இந்தக் கேள்விக்கு வயது அதிகம். பஞ்சதந்திரத்தின் சட்டகக் கதையை நினைத்துப் பாருங்கள். ராஜாவுக்கு மூன்று பிள்ளைகள், மூவரும் மக்குகள். விஷ்ணுசர்மா என்ற கிழவர் அழைக்கப்படுகிறார். மானியம் எதுவும் வேண்டாம் என்று மறுத்துவிட்டு, ஆறு மாதக் கெடுவில் அவர்களை அரச நீதியில் தேர்ந்தவர்களாக்குவதாக வாக்குக் கொடுக்கிறார். அப்புறம்தான் சிங்கமும் எருதும் நரியும் வருகின்றன. நமக்குத் தெரிந்தவரை கதைசொல்லி மாணவர்களைச் சந்தித்த பழைய 'நிகழ்ச்சி'களில் ஒன்று இது. ஒப்பந்தம் தெளிவாக இருக்கிறது. அழைத்தவர் அரசர், நோக்கம் ஆளத் தயார்செய்வது, கதை அதற்கான வழி. கேட்கிற பிள்ளைகளின் சம்மதம் ஒப்பந்தத்தில் இல்லை.

தமிழில் அச்சேறிய கதை உரைநடையின் தொடக்கத்தையும் பாருங்கள். வீரமாமுனிவரின் பரமார்த்த குரு கதை, தமிழ் கற்க வந்த பாதிரிமாருக்குப் பயிற்சி நூலாக எழுதப்பட்டது. அது 1822இல் லண்டனில் பாபிங்டனின் ஆங்கில மொழிபெயர்ப்போடு அச்சானது. தாண்டவராய முதலியார் மராட்டியிலிருந்து மொழிபெயர்த்த பஞ்சதந்திரக் கதை 1826இல் வெளிவந்தது. அவர் இருந்த சென்னைக் கல்விச் சங்கம், கம்பெனி உத்தியோகஸ்தர்களுக்கு நாட்டு மொழிகள் கற்பிக்க ஏற்பட்ட நிறுவனம். அதாவது ஆளப்போகிற இளவரசர்களுக்காகச் சொல்லப்பட்டதாகக் கட்டப்பட்ட கதை, ஆளவந்த வெள்ளைக்காரருக்குப் பாடமாகித் தமிழ் உரைநடைக்குள் நுழைந்தது. பிறகு அங்கிருந்து நம் பள்ளிப் பிள்ளைகளின் பாடப்புத்தகத்துக்குள் வந்தது. ஆளுகிறவருக்கு உபாயமாக இருந்தது ஆளப்படுகிறவரின் பிள்ளைகளிடம் வந்தபோது 'நீதி'யாக மாறியது. இளவரசனுக்குச் சொல்லப்பட்டது எப்படி ஜெயிப்பது என்று. பஞ்சாயத்துப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குச் சொல்லப்படுவது எப்படிக் கீழ்ப்படிவது என்று.

இதற்குப் பின் வந்த தமிழ்ச் சிறார் இலக்கியத்தை ஒரே கோட்டில் நிறுத்திக் கண்டிக்கும் வேலையை நான் செய்யவில்லை. 1947இல் அம்புலிமாமா தொடங்கியது. 1950இல் அழ. வள்ளியப்பா முன்கை எடுத்துக் குழந்தை எழுத்தாளர் சங்கம் அமைத்தார். வாண்டுமாமா தலைமுறைகளுக்கு வாசிப்புப் பசியை உண்டாக்கினார். 1987இல் அறிவியல் இயக்கத்திலிருந்து துளிர் வந்தது. இவர்களில் பலர் நீதியை விடக் குதூகலத்தை நம்பியவர்கள். ஆனால் எழுத்தாளர் பள்ளிக்குள் காலெடுத்து வைக்கிறபோது அவருடைய எழுத்தின் குணத்தைப் பள்ளியின் குணம் விழுங்கிவிடுகிறது. வீட்டுத் திண்ணையில் படுத்துக்கொண்டு படித்தால் விளையாட்டாக இருக்கிற அதே கதை, மேடையிலிருந்து வரும்போது பாடமாகிறது.

4

நாம் என்ன செய்தோம்? பழைய நீதியை எடுத்துவிட்டுப் புதிய நீதியை வைத்தோம். பொய் சொல்லாதே, பெரியோரை மதி என்பதற்குப் பதிலாக மரம் வெட்டாதே, பிளாஸ்டிக் போடாதே, ஆணும் பெண்ணும் சமம், சாதி பார்க்காதே. இவை எனக்கு உடன்பாடான கருத்துகள்தான். இவற்றுக்காகத் தெருவில் நின்றவர்கள் நாம். ஆனால் கதை முடிந்ததும் "என்ன கத்துக்கிட்டோம்?" என்று கேட்கிற வரையில் ஒப்பந்தம் விஷ்ணுசர்மாவுடையதுதான். வெல்லத்துக்குள் மருந்து வைத்துக் கொடுப்பது. மருந்தை மாற்றியிருக்கிறோம். குழந்தையை நோயாளியாகப் பார்ப்பது மாறவில்லை.

ஒரு கிளை நூலகத்தில் நடந்தது. பாட்டி வடை சுட்ட கதையைப் 'புதிய பார்வையில்' சொன்னார் ஓர் எழுத்தாளர். காக்கா இந்த முறை ஏமாறவில்லை. வடையைக் காலடியில் வைத்துவிட்டுப் பாடியது, பிறகு நரியோடு பகிர்ந்துகொண்டது. பகிர்ந்துண்ணுதல் என்பது நீதி. நன்றாகத்தான் சொன்னார், நடித்தும் காட்டினார். முடிந்ததும் முன்வரிசைப் பெண் ஒருத்தி கேட்டாள்: "பாட்டிக்கு அந்த வடைக்கு யாரு காசு குடுத்தா?" எல்லாரும் சிரித்தார்கள். எழுத்தாளரும் சிரித்துக்கொண்டே, "நல்ல கேள்வி பாப்பா, ஆனா கதைக்கு அது முக்கியமில்ல" என்றார். அந்தப் பெண்ணின் ஆச்சி பஸ் ஸ்டாண்டில் பணியாரம் விற்கிறார் என்று நூலகர் பிறகு சொன்னார்.

கதைக்கு அது முக்கியமில்லை. யார் சொன்னது? இந்தக் கதையின் பழைய வடிவத்தில் முகஸ்துதிக்கு மயங்காதே என்பது நீதி, அது காக்காவுக்கு. புதிய வடிவத்தில் பகிர்ந்துண் என்பது நீதி, அதுவும் காக்காவுக்கும் நரிக்கும். இரண்டிலும் அடுப்பு மூட்டி, உளுந்து ஆட்டி, வெயிலில் உட்கார்ந்த உழைப்பாளி முதல் வரியோடு காணாமல் போகிறாள். முற்போக்கான பிரதியிலும் திருட்டுச் சொத்தின் பங்கீடுதான் நடக்கிறது! இதைக் கண்டுபிடித்தது எந்த விமர்சகருமில்லை. நாலாம் வகுப்புப் பெண். பிரதியின் மௌனத்தை அவள் கைவைத்துக் காட்டினாள். நாம் கட்டுடைத்தல் என்று பெரிய பெயர் வைத்திருக்கிற வேலை அது. அந்த இடத்திலிருந்துதான் கதை தொடங்கியிருக்க வேண்டும். அங்கே நிகழ்ச்சி முடிந்து நன்றியுரை தொடங்கியது.

வால்டர் பெஞ்சமின் 1936இல் கதைசொல்லி குறித்து எழுதியபோது, விளக்கத்தை ஒதுக்கி வைப்பதில்தான் கதைசொல்லும் கலையில் பாதி இருக்கிறது என்ற பொருள்பட எழுதினார். விளக்கப்படாத கதைதான் கேட்பவரிடம் முளைத்துக்கொண்டே இருக்கும். நாமோ கதை சொன்ன கையோடு விளக்கத்தையும் கொடுத்து, பேனாவும் கொடுத்து, கணக்கை நேர்செய்து அனுப்புகிறோம். முளைக்க என்ன மிச்சம்?

5

இன்னொரு விஷயம் மொழி. எழுத்தாளர் மேடையில் ஓரளவு பேச்சுத் தமிழில் சொல்கிறார், சரி. ஆனால் அது எந்தப் பேச்சு? ஊர், சாதி, தொழில் எதுவும் ஒட்டாமல் துடைத்து வைத்த, தொலைக்காட்சி நிகழ்ச்சித் தொகுப்பாளர் பேசுகிற பேச்சு. முன்னால் இருக்கிற பிள்ளை தன் வீட்டு மொழியில் வாயைத் திறந்தால் பக்கத்தில் நிற்கிற ஆசிரியர் கூச்சப்படுகிறார். "ஒழுங்கா சொல்லு." அந்த ஒரு அதட்டலில் அந்தப் பிள்ளையின் கதையும் போய்விடுகிறது. ஒரு கதையை அது பிறந்த மொழியிலிருந்து பெயர்த்தெடுத்து 'ஒழுங்காக'ச் சொல்வது நாம் நினைப்பதுபோல் எளிய வேலையில்லை. எழுத்தாளர்களாலேயே பல சமயம் முடிவதில்லை. பத்து வயதுப் பிள்ளை பேசாமல் உட்கார்ந்துவிடுகிறது. காலனியிலிருந்து வருகிற பிள்ளை முதலில் உட்கார்ந்துவிடுகிறது. சாதி பார்க்காதே என்று கதை சொல்லப்பட்ட அதே அறையில் இது நடக்கிறது.

கி. ராஜநாராயணன் கதை சேகரிக்கப் போனார். 'கதைசொல்லி' என்ற பெயரிலேயே பத்திரிகை நடத்தினார். 'வயது வந்தவர்களுக்கு மட்டும்' என்று பெயர் வைத்தும் ஒரு தொகுப்பு கொண்டுவந்தார். கிராமத்துக் கதை மரபில் பிள்ளைக்கதை, பெரியவர் கதை என்ற வேலி நாம் இப்போது போட்டிருக்கிற மாதிரி இல்லை என்பதை அந்தத் தொகுப்புகளை வைத்துக்கொண்டு பார்த்தால் புரியும். களத்துமேட்டில், வேப்பமரத்தடியில் சொல்லப்பட்ட கதையில் பீ, குசு, பேய், சாவு, பசி எல்லாம் இருந்தது. கேட்கிறவர் குறுக்கே பேசலாம், ஊம் கொட்டலாம். ஊம் கொட்டாவிட்டால் கதை நிற்கும். கதையை நிறுத்தும் அதிகாரம் கேட்பவரிடமும் இருந்தது என்பதே இதன் அர்த்தம். பள்ளியில் கதை கேட்கிற பிள்ளைக்கு அந்த அதிகாரம் இல்லை. ஊம் கொட்டினால் 'டிஸ்டர்ப்' பண்ணுவதாகிவிடுகிறது.

இந்தப் பழைய திண்ணையைச் சொர்க்கமாக்கவும் நான் தயாரில்லை. அந்தக் களத்துமேட்டுக்கு யார் வரலாம், எங்கே உட்காரலாம் என்பதைச் சாதிதான் தீர்மானித்தது. எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒரே தரையில் உட்காருகிற இடம் என்று இந்த ஊர்களில் இருப்பது அரசுப் பள்ளிதான். அதனால்தான் அந்தத் தரையில் நடக்கிற கதை நேரம் இவ்வளவு முக்கியமாகிறது. திண்ணைக்குத் திரும்புவது இல்லை வழி. குறுக்கே பேசும் உரிமையைப் பள்ளிக்குள் கொண்டுவருவதுதான் வழி.

6

முடியுமா? முடிந்திருக்கிறது. இரண்டு உதாரணங்கள் சொல்கிறேன்.

ஒன்று குஜராத். கிஜுபாய் பதேக்கா (1885-1939) வக்கீல் தொழிலை விட்டுவிட்டு பாவ்நகரில் தட்சிணாமூர்த்தி நிறுவனத்துக்கு வந்தவர், 1920இல் பாலமந்திர் தொடங்கியவர். அவருடைய 'திவாஸ்வப்னா' தமிழிலும் 'பகல் கனவு' என்று வந்திருக்கிறது. நம் ஆசிரியர் தோழர்கள் அதைக் கதைசொல்வதற்கான கையேடு மாதிரி படிக்கிறார்கள். எனக்கு அதில் முக்கியமாகப் படுவது வேறு. லட்சுமிராம் என்கிற அந்த ஆசிரியர் நாலாம் வகுப்பில் கதை சொல்லத் தொடங்குகிறார். சொன்னதோடு நிற்காமல், பாடப்புத்தகத்துக்கான காசை வகுப்பு நூலகமாக மாற்றுகிறார். கதை கேட்ட பிள்ளைக்கு அடுத்த கதையைத் தானே எடுத்துக்கொள்ள ஒரு அலமாரி. கதைசொல்லி தன்னைத் தேவையில்லாதவராக்கிக்கொள்கிற ஏற்பாடு அது.

இன்னொன்று இத்தாலி. ஜானி ரொதாரி (1920-1980) இளமையில் பள்ளி ஆசிரியர், பிறகு கம்யூனிஸ்டுப் பத்திரிகையாளர், 1970இல் ஆண்டர்சன் விருது பெற்றவர். வெங்காயப் பையன் சிப்பொலினோவைப் படைத்தவர். 1960களில் அவர் ரோமின் விளிம்பில், உழைப்பாளிகள் குடியிருக்கும் த்ருல்லோ பகுதியிலுள்ள ஓர் ஆரம்பப் பள்ளிக்குப் போனார். முடிக்கப்பட்ட கதையோடு போகவில்லை. வானத்தில் ஒரு பெரிய கேக் மிதந்து வருகிற கதை அந்த வகுப்புப் பிள்ளைகளோடு சேர்ந்து உருவாகி 1966இல் நூலானது. 1971இல் அவர் வெளியிட்ட தொகுப்பில் ஒவ்வொரு கதைக்கும் மூன்று முடிவுகள். எதை வைத்துக்கொள்வது என்பது கேட்கிறவர் பாடு.

1972 மார்ச் 6 முதல் 10 வரை ரெஜ்ஜோ எமிலியா நகராட்சி அவரை அழைத்தது. சும்மா ஒரு நகராட்சி அல்ல. பாசிசம் விழுந்த 1945இல், ஜெர்மன் ராணுவம் விட்டுப்போன ஒரு டாங்கியையும் சில லாரிகளையும் குதிரைகளையும் விற்ற காசில் பக்கத்துக் கிராமத்து ஜனங்கள் பாலர் பள்ளி கட்டிய மண் அது. 1963 முதல் நகராட்சியே பாலர் பள்ளிகள் நடத்தியது. அங்கே ரொதாரி தன் கதைகளைச் சொல்லிக் கைதட்டு வாங்கவில்லை. ஐந்து நாளும் ஆசிரியர்களோடு உட்கார்ந்து கதை எப்படி உண்டாகிறது என்பதைப் பிரித்துக் காட்டினார். கரும்பலகையின் முன்புறம் ஒரு பிள்ளை ஒரு சொல் எழுத வேண்டும், பின்புறம் இன்னொரு பிள்ளை வேறொரு சொல். நாய், அலமாரி. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு சொற்கள் மோதும்போது கதை பிறக்கும். பிள்ளை எழுத்துப்பிழை விட்டால் அந்தப் பிழையிலிருந்தும் கதை பிறக்கும். இந்தப் பேச்சுகள் 1973இல் 'கற்பனையின் இலக்கணம்' என்ற நூலாயின.

இதில் உத்தியை மட்டும் உருவிக்கொண்டு வந்து 'ஆக்டிவிட்டி' ஆக்கிவிடும் ஆபத்து இருக்கிறது, தனியார் பள்ளிகளில் அது நடந்தும்விட்டது. கட்டணம் கட்டிய பிள்ளையின் 'கிரியேட்டிவிட்டி'யை வளர்க்கும் கோடை முகாம். ரொதாரியின் காரியம் அதுவல்ல. கதை செய்யும் கருவிகளை எழுத்தாளரின் தனிச்சொத்தாக இருக்கவிடாமல் பொதுவில் வைத்தார், அதுவும் பொதுப் பள்ளியில் வைத்தார். அவர் ஊர் திரும்பிய பிறகும் கருவி அங்கேயே இருந்தது. உற்பத்திக் கருவிகள் யார் கையில் என்று கேட்கப் பழகிய நமக்கு இது புரியாத விஷயமல்ல.

நம்மிடமும் இதற்கு மரபு உண்டு. 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தில் இருந்தவர்களுக்குத் தெரியும். மக்களுக்கு வாசிக்கக் கொடுத்த புத்தகங்கள் அவர்களுக்கு ஒட்டாதபோது, மக்களிடமே கதை கேட்டு, அதைச் சிறு நூல்களாக்கி, அவர்களிடமே எடுத்துக்கொண்டு போன வேலை நடந்தது. கதை கொடுக்கப் போனவர் கதை வாங்கி வந்தார். பெரியவர்களிடம் செய்த அதைப் பிள்ளைகளிடம் ஏன் செய்யவில்லை? குழந்தையிடம் வாங்கிக்கொள்ள ஒன்றுமில்லை என்று நாம் ரகசியமாக நம்புவதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

7

இங்கே ஒரு நியாயமான எதிர்வாதம் வரும். "தோழர், வருஷம் பூரா பரீட்சை, ஹோம்வொர்க்னு கெடக்கிற புள்ளைங்க. ஒரு மணி நேரமாவது சந்தோஷமா இருந்துட்டுப் போகட்டுமே. அதுலயும் அரசியலைக் கொண்டுவரணுமா?" வாதத்தின் முதல் பாதியை நான் ஏற்கிறேன். சிரிப்பு சின்ன விஷயமில்லை. அதிகாரத்தின் கட்டடத்தில் பிள்ளைகள் வாய்விட்டுச் சிரிப்பதே ஒரு உடைப்புதான். ஆனால் அந்தச் சிரிப்பு அடுத்த நாளும் இருக்க என்ன ஏற்பாடு என்று கேட்பது அரசியல் என்றால், ஆமாம், அரசியல்தான்.

அடுத்த நாள் என்ன நடக்கிறது? பள்ளி நூலகம் பெரும்பாலும் தலைமையாசிரியர் அறையில் ஒரு பீரோ. பீரோவுக்குச் சாவி, சாவிக்கு ஒரு பொறுப்பாசிரியர். புத்தகம் தொலைந்தால் இருப்புப் பதிவேட்டில் அவர் தலை உருளும், அதனால் அவர் பூட்டி வைக்கிறார். அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். புத்தகம் கிழிவது வாசிப்பின் அடையாளம் என்று எந்த ஆடிட்டும் ஒத்துக்கொள்வதில்லை. எழுத்தாளர் வந்து பிள்ளைகளிடம் பசியைக் கிளப்பிவிட்டுப் போகிறார். சோறு பீரோவுக்குள் இருக்கிறது.

பொது நூலகம்? சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் 1948இல் சென்னை மாகாணத்தில்தான் வந்தது, எஸ்.ஆர். ரங்கநாதனின் உழைப்பால். நாம் கட்டுகிற வீட்டுவரியோடு நூலக வரியும் சேர்த்தே வசூலிக்கப்படுகிறது. அதாவது கிளை நூலகம் யாருடைய தயவிலும் நிற்கவில்லை, நம் காசில் நிற்கிறது. 2010இல் சென்னை கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம் திறக்கப்பட்டது. குழந்தைகளுக்குத் தனிப் பிரிவு, நடுவில் செயற்கை மரம். 2011இல் ஆட்சி மாறியதும் அதைக் காலிசெய்து குழந்தைகள் மருத்துவமனையாக்கப்போவதாக அறிவித்தார்கள். நூலகத்துக்கு எதிராகக் குழந்தையையே நிறுத்திய சாமர்த்தியம் அது. உயர்நீதிமன்றம் தடுத்தது, நூலகம் பிழைத்தது. 2023இல் மதுரையிலும் பெரிய நூலகம் வந்தது. பெரிய கட்டடங்களை நாம் காப்பாற்றிக்கொள்கிறோம். சனிக்கிழமை மதியம் சின்ன ஊர்க் கிளை நூலகம் திறந்திருக்கிறதா, பிள்ளை உள்ளே வந்தால் "சத்தம் போடாதே" என்பதைத் தவிர வேறு வார்த்தை அங்கே உண்டா என்பதற்கு யாரும் வழக்குப் போடுவதில்லை.

வாசிப்பு இயக்கத்தின் சின்னச் சின்ன நூல்களை வரவேற்கிறேன். பீரோவை விட்டுப் புத்தகம் வெளியே வந்தது. நுழை, நட, ஓடு, பற என்று நிலைகள் வைத்திருக்கிறார்கள், பெயர்கள் அழகாக இருக்கின்றன. ஆனால் நிலை என்று வந்தாலே அளவுகோல் வரும், அளவுகோல் வந்தால் பதிவேடு வரும். 'நட' நிலையில் இருக்கிற பிள்ளை 'பற' புத்தகத்தைப் படம் பார்ப்பதற்காக எடுத்தால் என்ன செய்வோம் என்பதில்தான் அதன் தலைவிதி இருக்கிறது.

எழுத்தாளர் பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். அவர் வில்லனில்லை. பல இடங்களில் பஸ் டிக்கெட் காசுகூடக் கொடுப்பதில்லை. பொன்னாடை போர்த்துகிறார்கள். பொன்னாடையைக் கொண்டு கரண்ட் பில் கட்ட முடியாது. பையில் புத்தகம் தூக்கிக்கொண்டு அலைந்து, நிகழ்ச்சி முடிந்து விற்பதில்தான் அவருக்கு ஏதோ கிடைக்கிறது. காசுள்ள பிள்ளை புத்தகம் வாங்கிக் கையெழுத்து வாங்குகிறது, காசில்லாத பிள்ளை கைநீட்டி வெறும் உள்ளங்கையில் கையெழுத்து வாங்குகிறது. நான் பார்த்திருக்கிறேன். விஷ்ணுசர்மா மானியத்தை மறுத்தார் என்பது கதைக்கு அழகு. நம் காலத்தில் எழுத்தாளரின் உழைப்புக்குக் கூலி இல்லாததால்தான் அவர் ஒருநாள் விருந்தாளியாகவே இருக்க வேண்டியிருக்கிறது. ஐந்து நாள் தங்கு என்றால் அவர் எப்படித் தங்குவார்?

8

ஆகவே விவாதத்துக்காகச் சிலவற்றை முன்வைக்கிறேன். நம் அமைப்புகள் பள்ளிக்குப் போகும்போது முந்நூறு பேர் கூட்டத்தை மறுக்க வேண்டும். ஒரு வகுப்பு, நாற்பது பிள்ளைகள், வட்டமாக. மேடை வேண்டாம், பொன்னாடை வேண்டாம். அந்தக் காசுக்குப் புத்தகம் வாங்கி வகுப்பிலேயே திறந்த அலமாரியில் வைக்கச் சொல்லலாம். தொலைகிற புத்தகத்துக்கு ஆசிரியர் பொறுப்பில்லை என்று ஒரு அரசாணை கேட்டுப் போராடலாம், ஆசிரியர் சங்கங்களும் இதில் சேரும். எழுத்தாளருக்குக் கூலியும் பயணப்படியும் கொடுத்து ஒரே பள்ளிக்குத் திரும்பத் திரும்ப வரச் செய்யலாம். பத்துப் பள்ளிக்கு ஒரு நாள் என்பதைவிட ஒரு பள்ளிக்குப் பத்து நாள் மேல். கடைசிக் கேள்வியைத் தூக்கி எறிய வேண்டும். கேட்டுத்தான் ஆக வேண்டுமென்றால், "இந்தக் கதையில் எதை மாத்தணும்?" என்று கேட்கலாம். பிள்ளை தன் வீட்டு மொழியில் பதில் சொல்லும்போது அதை அப்படியே எழுதிக்கொள்ள ஒரு நோட்டு வேண்டும். அந்த நோட்டு அடுத்த மாதம் அலமாரியில் இன்னொரு புத்தகமாக நிற்க வேண்டும்.

இதெல்லாம் நடந்தால் குழந்தை எழுத்தாளர் என்ற பீடம் கொஞ்சம் ஆட்டம் காணும். பணியாரம் விற்கிற ஆச்சியின் பேத்தி கேட்ட கேள்விக்கு அப்போது எழுத்தாளர் மட்டும் பதில் சொல்ல வேண்டியிருக்காது. வடைக்கு யார் காசு கொடுப்பது என்று வகுப்பே உட்கார்ந்து பேசும். காக்கா கொடுக்குமா, நரி வேலை செய்து அடைக்குமா, பாட்டி அடுத்த நாள் கடையை எங்கே போடுவாள் என்று நாற்பது முடிவுகள் வரும். அவற்றில் சில நமக்குப் பிடிக்காமலும் இருக்கும். நரியைக் கட்டிவைத்து உதைக்க வேண்டும் என்று ஒரு பையன் சொல்வான். அதற்கு என்ன செய்வது என்பது இனிமேல்தான் நாம் பேச வேண்டிய விஷயம்.